காமிரா காட்டினால் போதுமா?

“படத்தில் பார்த்தோம், ஆகவே உண்மை” என்போர் கூட்டம் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. ஏட்டில் இருப்பதால் நம்பு என்றவனுக்கும் படத்தில் ஓடுவதால் நம்பு என்பவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

1958-ல் அமெரிக்க டிஸ்னி கம்பெனியார் “ஒயிட் வில்டர்னஸ்” என்னும் டாக்குமெண்டரிப் படத்தை வெளியிட்டார்கள். லெம்மிங் என்ற எலியினம் கூட்டங்கூட்டமாய்க் கடலில் குதித்துச் சாவதாக அதில் காட்டினார்கள். ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. 1982-ல் கனடா ஒளிபரப்புக் கழகத்தார் விசாரித்ததில் குட்டு வெளிப்பட்டது. அக்காட்சி எடுத்த ஆல்பர்ட்டா மாகாணத்தில் கடலே கிடையாது! லெம்மிங்குகளை மானிடோபாவிலிருந்து வாங்கி வந்து, மேட்டிலிருந்து ஆற்றில் தள்ளிப் படம் பிடித்திருக்கின்றார்கள். உலகமோ எலி தற்கொலை செய்வதாக நம்பிற்று.

இதற்குக் காமிரா என்ன செய்யும்? இன்றைய தொழில்முறை வீடியோ காமிராவில் பித்தலாட்டத்தைச் சோதிக்க ஒரு வழியும் இருக்கின்றது. டைம்கோடு என்பதாக ஒவ்வொரு பிரேமுக்கும் மணி, நிமிஷம், வினாடி, பிரேம் எண் பதிகின்றது. வெட்டாத அசல் பதிவு இருந்தால், எது முன், எது பின், எதை வெட்டினார்கள் என்று கணக்குப் பார்க்கலாம். அந்த எண்ணையும் திருத்தலாமே என்றால், அதற்காகவேதான் அசலைக் கேட்க வேண்டுமென்கின்றோம்.

ஆகவே, டாக்குமெண்டரி எடுப்போர் அசலை அழிக்காமல் காப்பாற்றி வைத்து, கேட்டால் காட்ட வேண்டும். நடிக்கச் செய்து எடுத்ததை நடிப்பென்றே எழுதிப் போட வேண்டும். தோழர்களே! நீங்களும் எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய், எதை வெட்டினாய் என்று கேளுங்கள். கேளாமல் நம்புகிறவனுக்குப் புராணமும் ஒன்றுதான், வீடியோவும் ஒன்றுதான்.