பழைய கேசட்டும் பாட்டியின் தமிழும்

ராமகுப்பத்தில் என் வீட்டு அலமாரியில், 1989-இல் நடந்த என் திருமண வீடியோ கேசட் ஒன்று இருக்கிறது. காலஞ்சென்ற என் தாயாரின் குரல் அதில் மட்டுமே உள்ளது. அதைக் கணினியில் ஏற்ற எண்ணியபோது, விலை உயர்ந்த கருவி வேண்டும் என்றார்கள் பலர். நான் அப்படிக் கருதவில்லை.

ரயில்வேயில் நான் கற்ற பாடம் இது: தண்டவாளம் சரியில்லை என்றால் எஞ்சினுக்குச் செலவிட்டுப் பயனில்லை. இங்கே தண்டவாளம் வி.சி.ஆர்.தான். கணினியுடன் இணைக்கும் யு.எஸ்.பி. கருவி மலிவாகவே கிடைக்கிறது. ஆனால், 2016-இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியபின் புது வி.சி.ஆர். வருவதில்லை. ஆகவே நல்ல பழைய வி.சி.ஆருக்கும், அதன் ஹெட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்த மெக்கானிக்குக்கும் பணத்தைச் செலவிடுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை அதில் போடவே கூடாது. பூஞ்சை மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். நம் நாட்டுப் பதிவுகள் 'பால்' முறையில் ஆனவை. எனவே 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள் என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஏற்றியதை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

காந்த நாடாக்களுக்கு 2025-தான் கெடு என்று ஆஸ்திரேலிய தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

வீட்டுக்கு ஒரு வி.சி.ஆர். வாங்குவது வீண். சங்கமே ஒன்று வாங்கினால் உறுப்பினர்கள் முறை வைத்துப் பயன்படுத்தலாம். நம் பேரப்பிள்ளைகள் தெலுங்கில் படிக்கிறார்கள். பாட்டி பேசிய தமிழை அவர்கள் கேட்க வேறு வழி ஏது? செயற்குழு ஆவன செய்யுமா?