ராவென்னாவில் ஒரு பகல்

நம்மிடம் முன்பு சரித்திரம் படித்த மாணவி ஒருத்தி இப்பொழுது இத்தாலியில், பொலோன்யா நகரத்துச் சர்வகலாசாலையில் மேல்படிப்புப் படித்து வருகிறாள். அவளுடைய தாய் தந்தையர் அவளைப் பார்க்கப் போகிறார்களாம். "வெளியூர் சுற்றிக் காட்ட ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். வெனிஸுக்கு அழைத்துப் போகட்டுமா, பிளாரென்ஸுக்கா?" என்று கேட்டு எழுதியிருந்தாள். இரண்டும் வேண்டாம், ராவென்னாவுக்கு அழைத்துப் போ என்று பதில் எழுதினோம். காரணத்தை நேயர்களுக்கும் சொல்வதில் தவறில்லை.

வெனிஸையோ பிளாரென்ஸையோ ஒரே பகலில் பார்ப்பது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல், சந்தனத்தை மட்டும் பூசிக்கொண்டு திரும்புவதைப் போன்றது. ராவென்னா அப்படியல்ல. பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். சமதரையில் அமைந்த சிறிய ஊர். முக்கியமான இடங்களையெல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். வயதானவர்களை அழைத்துச் செல்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? (காகித டிக்கட் வாங்கினால், வண்டி ஏறுமுன் ஸ்டேஷனிலுள்ள இயந்திரத்தில் அதை நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம். டிக்கட் பரிசோதகர்கள் இவ்விஷயத்தில் தாட்சண்யம் காட்டுவதில்லை.)

இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை பெருமை எப்படி வந்தது? கி.பி. 402-ஆம் வருஷத்தில், வடக்கேயிருந்து படையெடுத்து வந்த காத்தியருக்கு அஞ்சிய ரோமச் சக்கரவர்த்தி ஹொனோரியஸ், சுற்றிலும் சதுப்பு நிலம் சூழ்ந்த இவ்வூரே பத்திரமான இடமென்று கருதித் தம் ராஜதானியை இங்கே மாற்றினார். 493-இல் காத்திய அரசன் தியோடொரிக் இதைக் கைப்பற்றினான். 540-இல் கிழக்கு ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியனுடைய சேனை பிடித்துக்கொண்டது. ஆட்சிகள் மாறினவே தவிர, வந்தவர்கள் எல்லோரும் சுவர்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் சித்திரம் அமைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பின்னர் கடல் விலகிற்று, ராஜதானி போயிற்று, ஊர் உறங்கிற்று. அந்த உறக்கமே சித்திரங்களைக் காப்பாற்றியது என்பது நம் எண்ணம். 1996-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இங்குள்ள எட்டுக் கட்டடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

எட்டையும் ஒரு பகலில் பார்த்துவிடலாம் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். பார்க்கலாம், ஆனால் மாலையில் எதைப் பார்த்தோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான்கு இடம் போதும் என்று எழுதினோம். தியோடொரிக்கின் சமாதியை விட்டுவிட மனம் வரவில்லைதான். பத்து மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரே கல்லைக் குடைந்து கூரையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். ஆனால் அது ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது.

காலையில் முதலில் சான் விட்டாலே ஆலயம். 547-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஒரு பக்கம் ஜஸ்டினியன், எதிர்ப்பக்கம் ராணி தியோடோரா, இருவரும் பரிவாரங்களோடு நம்மை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சக்கரவர்த்தியின் பக்கத்தில் நிற்கும் மதகுரு மாக்ஸிமியானுஸின் தலைக்கு மேல் மட்டும் பெயர் பொறித்திருக்கிறது. சக்கரவர்த்திக்குப் பெயர் தேவையில்லை. மதகுருவுக்குத் தேவைப்பட்டது போலும்!

அதே தோட்டத்தில் கல்லா பிளாஸிடியாவின் சமாதி என்று வழங்கும் ஒரு சிறு செங்கல் கட்டடம் இருக்கிறது. இந்த அரசி 450-இல் ரோமில் இறந்தாள். இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கமாட்டாள் என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. இதற்கு நேரம் குறித்து முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. அவசரப்படாமல் நிற்க வேண்டும். சிறிது சிறிதாகக் கருநீல வானமும் பொன் நட்சத்திரங்களும் தலைக்கு மேல் புலப்படும்.

பகலுணவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பிரதேசத்தில் பியாதினா என்னும் தட்டையான ரொட்டியைச் சுட்டு, நடுவில் பாற்கட்டியும் கீரையும் வைத்து மடித்துத் தருவார்கள். மாவில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம். சைவ உணவுக்காரர்கள் ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பிற்பகலில் மகாகவி தாந்தேயின் சமாதி. ராவென்னாவுக்குப் போகச் சொன்னதன் முதற் காரணம் இதுதான். 1302-இல் பிளாரென்ஸ் நகரம் அரசியல் பகையினால் அவரை நாடு கடத்திற்று. பிடிபட்டால் உயிரோடு எரிப்பதென்றும் தீர்ப்பளித்தது. ஊர் ஊராக அலைந்த கவிக்குக் கடைசியில் இடம் கொடுத்தது ராவென்னா. 1321-இல் இங்கேயே இறந்தார். அவர் புகழ் ஓங்கிய பிறகு, விரட்டிய ஊருக்கே அவருடைய எலும்புகள் வேண்டியிருந்தன. 1519-இல், பிளாரென்ஸ்காரரான போப்பாண்டவர் பத்தாம் லியோ அநுமதி அளித்தார், ஆட்களும் வந்தார்கள். சவப்பெட்டி காலி! பக்கத்து மடத்துத் துறவிகள் சுவரைத் துளைத்து எலும்புகளை எடுத்து ஒளித்துவிட்டிருந்தார்கள். 1865-இல் கொத்துவேலையின்போது ஒரு மரப்பெட்டியில் அவை அகப்பட்டன. இரண்டாவது உலக யுத்தத்தில், குண்டுவீச்சுக்குப் பயந்து, 1944-இல் பக்கத்துத் தோட்டத்தில் மண்மேட்டின் கீழ் மறைத்து வைத்தார்கள். அந்த மேட்டை இன்றும் காணலாம். பிளாரென்ஸில் அவருக்காகக் கட்டிய பெரிய கல்லறை வெறுமையாகவே இருக்கிறது. ராவென்னாவில் அவர் தலைமாட்டில் எரியும் விளக்குக்கு வருஷந்தோறும் செப்டம்பரில் எண்ணெய் கொண்டுவந்து கொடுப்பது பிளாரென்ஸ் நகரம்தான். தண்டனைத் தீர்ப்பை அந்நகர சபை ரத்து செய்தது 2008-இல். அதுவும் ஏகமனதாக அல்ல!

கடைசியாக, ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், தியோடொரிக் கட்டிய சாந்த் அப்போல்லினாரே நுவோவோ ஆலயம். கண்ணுக்கு வைத்துப் பார்க்கும் சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடி இருந்தால் கொண்டுபோவது நலம். சித்திரங்கள் உயரத்தில் இருக்கின்றன. இருபுறமும் புனித மகளிரும் தியாகிகளும் வரிசையாக நடக்கும் சித்திரங்களில்தான் எல்லோருடைய கண்ணும் செல்லும். ஆனால் வாசலைத் தாண்டியதும் வலப்புறச் சுவரில் மேலே பார்க்கவேண்டும். அது தியோடொரிக்கின் அரண்மனை. தூண்களுக்கிடையே ஒரு காலத்தில் அரசனும் பிரதானிகளும் நின்றிருந்தார்கள். ஜஸ்டினியன் ஆட்சி வந்ததும் உருவங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடங்களில் வெள்ளைத் திரைகள் தொங்குவது போல் பதித்துவிட்டார்கள். தூண்களைத் தொடாமல் வேலையை முடித்தபடியால், தூண்களின்மேல் படிந்திருந்த கைகள் மட்டும் தப்பிவிட்டன. ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு மேலாக உடல் இல்லாத அந்தக் கைகள் தூண்களின்மேல் அப்படியே இருக்கின்றன.