ஒரு சொல், ஐந்து வேடம்!

திருவண்ணாமலையிலே, ரமணாசிரமப் பகுதியிலே, செங்கம் சாலையிலே காது கொடுத்துக் கேளுங்கள், தோழர்களே! "ஆட்டோ புக் பண்ணிட்டீங்களா? மலையை ஒரு ரவுண்டு வரலாமா?" என்கிறார் ஆட்டோத் தோழர். 14 கிலோமீட்டர் கிரிவலம் 'ரவுண்டு' ஆகிவிட்டது! அவரைக் குறை கூற அல்ல, அந்தச் சொல்லின் கதையைக் கூறவே இதை எழுதுகிறோம்.

ஆங்கிலத்திலே 'ரவுண்டு' ஐந்து வேடம் போடும். 'வட்டம்' என்று பெயராகும். 'வட்டமான' என்று பெயரடையாகும். 'வளை' என்று வினையாகும். 'சுற்றிலும்' என்று வினையடையாகும். 'மலையைச் சுற்றி' என்னும்போது வரும் 'சுற்றி'யாகவும் நிற்கும். வேடம் ஐந்து, முகம் ஒன்றே! பழைய ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் தனித்தனி விகுதிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவை தேயத் தொடங்கின. இன்று சொல் நிற்கும் இடமே அதன் இனத்தைக் காட்டுகிறது.

தமிழிலே மட்டும் மயக்கம் இல்லையா? உண்டு. 'சுற்று' பெயருமாகும், வினையுமாகும். ஆனால் 'சுற்றை' என்றால் பெயர். 'சுற்றினாள்' என்றால் வினை. செயல், காலம், செய்தவள் ஒருத்தி என்பது, அத்தனையும் ஒரே சொல்லில்! பெயர், வினை, இடை, உரி என நான்கு இயல் வகுத்த தொல்காப்பியம் கண்ட தெளிவு அது.

தொழிலாளி கவனிக்க வேண்டியது இனிமேல்தான். ஆங்கில வினை தமிழுக்குள் வினையாக நுழைவதில்லை. பெயர்போல வந்து, 'பண்ணு', 'ஆகு' என்ற ஊன்றுகோலைப் பிடிக்கிறது. 'பண்ணு' என்றால் செய்தவன் தெரிவான். 'ஆகு' என்றால்? "டிரான்ஸ்பர் ஆகிவிட்டது", "சஸ்பெண்ட் ஆகிவிட்டார்" என்கிறோம். மழை பெய்ததுபோல, தானே நடந்ததுபோல!

ஆலை வாயிலிலே 'லே-ஆஃப்' என்று பலகை தொங்கும். செய்தது யார்? பலகை வாய் திறக்காது. ஆனால், 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட விளக்கம் வாய் திறந்தது: வேலை தர முதலாளி தவறுவது, மறுப்பது, அல்லது அவருக்கு இயலாமற்போவது! பலகையில் காணாமற்போன எழுவாய், சட்டத்திலே நின்றது.

குற்றம் ஆங்கிலத்தின் மேல் அல்ல. அந்த மொழிக்கு அந்த முறை போதும். ஆளைக் காட்டும் வினைமுற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளை மறைக்கும் சொல்லை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? சங்கத்தின் மனுவிலே, தீர்மானத்திலே, துண்டறிக்கையிலே "மாற்றினார்கள்", "நீக்கினார்கள்", "கூலியைக் குறைத்தார்கள்" என்றே எழுதுங்கள்.

"நான் யார்?" என்ற தலைப்பிலே ரமணர் 1902-இல் தந்த விடைகள் அந்தப் பகுதியை உலகறியச் செய்தன. அது ஆன்மிகத்தின் கேள்வி. உழைப்பவன் அறிக்கையைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: "செய்தது யார்?"