தாட்சண்யமும் தராசும்

ஆடி மாதம் பிறந்தால் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் இரண்டு பேருக்கு அவசரம் வந்துவிடுகிறது. ஒருவர் குடியானவர், மற்றொருவர் கடைக்காரர். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது பெரியோர் வாக்கு. மக்காச்சோளமோ, பருத்தியோ, சின்ன வெங்காயமோ, எதைப் பயிரிடுவதானாலும் உழவுக்கும் விதைக்கும் கையில் ரொக்கம் வேண்டிய காலம் அது. வானத்தை நம்பிப் பிழைக்கும் மானாவாரி நிலக்காரருக்கு வருஷம் முழுவதற்குமான பந்தயம் அந்தச் சில வாரங்களில்தான் கட்டப்படுகிறது.

அதே ஆடியில் கல்யாணம் காட்சி இல்லை. ஆகவே கடைவீதி ஓய்ந்து கிடக்கும். தேங்கிய சரக்கைத் தீபாவளிக்கு முன்னால் தீர்த்துவிடக் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். ஆடித் தள்ளுபடியின் பூர்வோத்தரம் இவ்வளவுதான். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. தேங்கிய சரக்கு தீர்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு நல்ல துணி நயமாய்க் கிடைக்கிறது. ஆனால் விதை வாங்க வேண்டிய பணமும் சேலை வாங்கும் பணமும் ஒரே மடியிலிருந்துதான் அவிழ வேண்டும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆகையால் அந்தப் பணம் எப்படி அவிழ்க்கப்படுகிறது என்பது சில்லறை விஷயமல்ல.

விற்பது வேறு, வாங்க வைப்பது வேறு. சரக்கின் குணத்தையும் விலையையும் சொல்லி, முடிவை வாங்குகிறவரிடம் விடுவது விற்பனை. அவர் "வேண்டாம்" என்று சொல்ல முடியாதபடி வழியை அடைத்துவிடுவது இரண்டாவது. நேற்று எழுநூறு ரூபாய்க்கு விற்ற சேலைக்கு ஆயிரம் என்று சீட்டு ஒட்டி, அதை அடித்துவிட்டு எழுநூறு என்று எழுதுவது தள்ளுபடி ஆகாது. விலையைப் பற்றி ஜனங்களை மயக்குவது முறையற்ற வியாபாரம் என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுகிறது.

பட்டணத்துக் கடைக்காரருக்கு வாங்க வருகிறவர் யாரென்று தெரியாது. அவர் விளக்கு வெளிச்சத்தையும் நட்சத்திரங்களின் படத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் அப்படியல்ல. வருகிறவரின் ஊர் தெரியும். அவர் பெண்ணை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார் என்பதும் தெரியும். இங்கே விளம்பரத்தைக் காட்டிலும் வலிய ஆயுதம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தாட்சண்யம் என்று பெயர்.

முதலில் ஒரு சோடா வரும். பிறகு இருபது சேலைகள் மடிப்புக் கலைந்து பாயில் குவியும். "பிடிக்கவில்லை" என்று எழுந்தால், "என்ன அக்கா, நம் கடைக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு போகலாமா?" என்ற குரல் கேட்கும். குரலில் கோபம் இல்லை, சிரிப்புத்தான். ஆனால் அந்தச் சிரிப்பைத் தாண்டிப் படியிறங்க எத்தனை பேருக்குத் தைரியம் உண்டு? வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த தடவை வேறு தெருவழியாகப் போகிறார்கள். கடைக்காரர் அன்று ஒரு சேலை விற்றார். ஒரு குடும்பத்தை இழந்தார். முதலாவது கணக்குப் புத்தகத்தில் ஏறும். இரண்டாவது எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பழைய வித்தையைக் கைப்பேசி வியாபாரம் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், மின்வழி வியாபாரத்தில் கையாளப்படும் பதின்மூன்று சூழ்ச்சிகளைப் பெயரிட்டுத் தடை செய்தது. "இன்னும் இரண்டே மீதி" என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஒன்று. கேளாத பொருளைக் கூடையில் நுழைத்துவிடுவது ஒன்று. வேண்டாம் என்பவரை வெட்கப்படச் செய்வது மற்றொன்று. கடைவீதியில் நடமாடிப் பழகிய நம் வாசகர்களுக்கு இவற்றில் எது புதிது?

ஜவுளியிலாவது போவது ஒரு சேலைப் பணம். உரக்கடையில் நடப்பது இன்னும் கனமான விஷயம். 45 கிலோ யூரியா மூட்டையின் விலையைச் சர்க்கார் 266 ரூபாய் 50 காசு என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. மழை பெய்து பயிர் உரம் கேட்கும் வாரத்தில் கடைக்குப் போனால், "யூரியா வேண்டுமானால் இந்த மருந்துப் புட்டியும் சேர்த்து எடுக்க வேண்டும்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இப்படி இணைத்து விற்றால் நடவடிக்கை எடுப்போம் என்று வேளாண்மைத் துறையார் பருவந்தோறும் எச்சரிக்கை விடுவது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஒரு பொருளை விற்க மற்றொன்றை வாங்கவேண்டும் என்று நிபந்தனை போடுவதும் மேற்சொன்ன சட்டத்துக்கு விரோதமானது.

அப்படியானால் குடியானவர் ஏன் வாய் திறப்பதில்லை? அநேக இடங்களில் அவர் கடனுக்கு வாங்குகிறார். அறுவடையில் தருவதாகப் பேச்சு. கடன் சொல்லி வாங்குகிறவருக்குப் பேரம் பேசவே நா எழாது. மறுத்துப் பேச எப்படி எழும்? தேவையில்லாத அந்தப் புட்டியின் விலை, பட்டறையில் காத்துக் கிடக்கும் வெங்காயத்தின் மேல் ஏறுகிறது. வெங்காயத்துக்கு விலை இறங்கினால் அது வீட்டுச் சோற்றின் மேல் ஏறுகிறது.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். "மேலேயுள்ள கம்பெனி எங்கள் தலையில் கட்டுகிறது, நாங்கள் யார் தலையில் கட்டுவது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி வாஸ்தவமானதே. ஆனால் அதற்கு விடை, தம்மைக் காட்டிலும் எளியவரின் தலையைத் தேடுவதன்று. தனியாக நின்று கம்பெனியை மறுக்க முடியாத வியாபாரிகள், சங்கமாகச் சேர்ந்து அதிகாரிகளிடம் எழுத்தில் சொல்லலாம். குடியானவர் ஒருவருக்கு அந்த வசதிகூட இல்லை.

இலவசத்துக்கும் தள்ளுபடிக்கும் உள்ளே வேறு நோக்கம் இருக்கலாம் என்பதைத் தமிழ்நாடு நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுவிட்டது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாக ஏற்றிச் செல்வதாகவும், கூட ஒரு குடை தருவதாகவும் சொல்லிற்று என்பது வரலாறு. பிரயாணிகள் மழையில் நனைகிறார்களே என்ற கருணையினால் விரித்த குடையா அது? சுதேசிக் கம்பெனி 1911-ல் கலைந்தது. யார் எதை இலவசமாகக் கொடுத்தாலும், "விலையை யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்கும் பழக்கம் நமக்கு அன்றே வந்திருக்க வேண்டும்.

இனி, நாணயமாக வியாபாரம் செய்தால் பிழைக்க முடியுமா என்ற கேள்வி. இதே இரண்டு ஜில்லாக்களின் சரக்குகளே இதற்குப் பதில் சொல்லும். ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிப் பருப்பில் முழுப் பருப்புக்கு ஒரு விலை. உடைசலுக்கு ஒரு விலை. மேலே முழுசும் அடியில் உடைசலுமாக அடைத்த பையை ஒருவர் ஒரே தடவைதான் வாங்குவார். "இது உடைசல், பாயசத்துக்குப் போதும், விலையும் குறைவு" என்று சொல்லி விற்கிறவரிடம் வருஷந்தோறும் வருவார். பெரம்பலூர் ஜில்லாவின் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாயம் மூடிய சிற்பத்தைப் பார்த்து அது என்ன மரம் என்று சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? விற்கிறவர் சொல்லே அங்கே சாட்சி. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாததை விற்கிறவர் வாயால் சொல்லிவிடுவதுதான் வியாபார தர்மத்தின் சாரம் என்று நமக்குத் தோன்றுகிறது.

சிறு வியாபாரிகள் செய்யக்கூடியவை மிகச் சாமானியமானவை. விலையை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கலாம். தள்ளுபடி என்றால் முந்தைய உண்மையான விலையிலிருந்து தள்ளலாம். கேட்டதற்கும் கேளாததற்கும் தனித்தனியே கணக்குச் சொல்லி ரசீது கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றும் வாங்காமல் எழுந்தவரிடம், "அதனாலென்ன அண்ணே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று முகம் கோணாமல் சொல்லலாம். இதற்கு முதல் போட வேண்டியதில்லை.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ரசீது கேட்பது அவமரியாதையல்ல. ரசீது தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வியாபாரம். 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தாரிடம் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு ஜில்லா நுகர்வோர் கமிஷனில் கட்டணமே கிடையாது. ஆனால் அவ்வளவு தூரம் போவதற்கு முன், கடை வாசலிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேண்டாத பொருளை வேண்டாம் என்று இனிமையாகச் சொல்லிப் பழகவேண்டும்; வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதைக் கற்பிக்கவேண்டும். அப்படிச் சொன்னவரையும் சிரித்த முகத்தோடு வழியனுப்புகிற கடை எதுவோ, அந்தக் கடையிலேயே இந்த ஆடியில் நம் துணியையும் விதையையும் உரத்தையும் வாங்குவோமாக.