22-ஆவது ஆளும் 233-ஆவது ஆளும்

ஜோர்டன் மைலாட்டா என்ற பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் பெடியனிடம் கேளுங்கள். பாங்ஸ்டவுனில் பிறந்த சமோவாக் குடும்பத்துப் பிள்ளை. வென்ட்வேர்த்விலில் இருந்து காரில் அரை மணித்தியாலம். ஆறு அடி எட்டு அங்குலம் உயரம், 160 கிலோவுக்கு மேல் எடை. சவுத் சிட்னி ராபிட்டோஸின் 20 வயதுக்குட்பட்ட அணியில் ரக்பி லீக் விளையாடியவர். 2018-இல், வாழ்க்கையில் ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் மட்ச் கூட விளையாடாத அவரை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் தெரிவு செய்தது. 2025 பெப்ரவரியில் அந்த அணி கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்று சூப்பர் போல் எடுத்தது.

என் மகனுக்கு இது புராணக்கதை மாதிரி. வயது பதினான்கு, எடை 98 கிலோ, ஞாயிற்றுக்கிழமைகளில் ரக்பி லீக். "அப்பா, அவரும் வெஸ்டேர்ன் சிட்னிதானே" என்கிறான். நான் அவனுக்குச் சொல்ல விரும்புவது மைலாட்டாவின் கதையை இல்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொருவரின் கதையை.

அதற்கு முதல் இந்த வேலை என்ன என்று சொல்ல வேணும். ஒஃபென்சிவ் லைன் என்பது ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்ட், இரண்டு ஓரத்திலும் டாக்கிள். பந்தை எறியும் குவாட்டர்பேக்கை எதிரணி தொடாமல் மறித்து நிற்பதும், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறப்பதும்தான் வேலை. பந்து இவர்கள் கைக்கு வருவது அபூர்வம். கபடியில் ரைடருக்கு எல்லாரும் கை தட்டுவார்கள், ஆனால் சங்கிலியாகக் கை பிடித்து நின்றவனை ஒருவரும் கேட்பதில்லை. அது போலத்தான். ரீவியில் லைன்மனின் பெயர் சொன்னால் அநேகமாக அவர் பிழை விட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இனி வரிசைக்கு வருவோம். எங்கள் பக்கத்துக்கு வரிசை புதிது இல்லையே. மரக்கறி வாங்கப் போன இடத்திலும் "மகளுக்கு கிரவீன் கிடைச்சதோ?" என்றுதான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வருடா வருடம் டிராஃப்ட் நடக்கும். அணிகள் முறை வைத்து ஏழு சுற்றுகளில் ஆட்களை எடுக்கும். 2018-இல் எடுத்த 256 பேரில் மைலாட்டா 233-ஆவது. முதல் இரண்டு பருவங்களில் அவர் ஒரு மட்ச்சும் ஆடவில்லை. அடுத்த வருடம் அதே அணி, அதே லெஃப்ட் டாக்கிள் இடத்துக்கு, முதல் சுற்றிலேயே ஒருவரை எடுத்தது. ஆன்ட்ரே டில்லார்ட், 22-ஆவது ஆள்.

2020 பருவம் தொடங்க முன்னமே டில்லார்டுக்குக் கைத் தசை கிழிந்தது. அந்த வருடம் முழுக்கப் போய்விட்டது. மைலாட்டாவுக்கு இடம் கிடைத்தது. 2021-இல் இருவரும் போட்டியிட்டார்கள், 233-ஆவது ஆள் வென்றார், உடனே நான்கு வருடத்துக்கு 64 மில்லியன் டொலர் ஒப்பந்தம். டில்லார்ட் மாற்று ஆளாக 2022 வரை இருந்துவிட்டு, 2023-இல் டென்னசி டைட்டன்ஸுக்குப் போனார். மூன்று வருட ஒப்பந்தம், ஒரு வருடத்தில் விட்டுவிட்டார்கள். 2024-இல் கிரீன் பே.

இப்படி அணிக்கு அணி மாறி வேலை செய்பவரை அங்கே 'ஜேர்னிமேன்' என்பார்கள். கொஞ்சம் இளக்காரமும் கொஞ்சம் மரியாதையும் கலந்த சொல். அந்த லீக்கில் விளையாடுபவர்களில் கனபேர் இப்படித்தான், மைலாட்டாக்கள் சிலர்தான்.

இவர்களின் வருடம் எப்படிப் போகும் என்று பாருங்கள். கோடைகாலப் பயிற்சி முகாமில் ஓர் அணிக்கு 90 பேர். ஓகஸ்ட் கடைசியில் அதை 53 ஆகக் குறைப்பார்கள். வெளியே போனவர்களில் சிலரைப் பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்வார்கள். 2024-இல் அந்தக் குழுவில் இருந்த புது ஆளுக்குக் கிழமைக்கு 12,500 அமெரிக்க டொலர். நல்ல காசு என்று தோன்றும், ஆனால் செவ்வாய்க்கிழமை "நாளைக்கு வர வேண்டாம்" என்றால் அதோடு சரி. லைனில் யாருக்காவது முழங்கால் போனால், வேறு நகரத்தில் இருந்து இவருக்கு ஃபோன் வரும். இரவே விமானம். புது ஊர், புது விளையாட்டுத் திட்டப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை களத்தில் நிற்க வேணும். கார்டும் ஆடுவேன், டாக்கிளும் ஆடுவேன், தேவையென்றால் சென்டரும் என்பவருக்குத்தான் அந்த ஃபோன் வரும். மூன்று பருவக் கணக்குச் சேர்ந்தால் ஓய்வூதிய உரிமை உண்டு. அதனால் மூன்றாவது வருடம் பலருக்குக் கோப்பையை விடப் பெரிய விஷயம்.

எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. நான் ஐடி கொன்ட்ராக்டர். ஆறு மாதம் பரமட்டாவில், ஒன்பது மாதம் சிட்டியில், பிறகு மக்குவாரி பார்க். இந்த ஒப்பந்தம் ஜூனில் முடியும். எங்கள் தெருவில் இப்படி நாலு தமிழ்க் குடும்பம் இருக்கும். எங்களை ஒருவரும் "தோற்றுப்போனவர்" என்று சொல்வதில்லை, கலியாண வீட்டில் முன் வரிசையில்தான் இருத்துகிறார்கள். ஆனால் பிள்ளை விளையாட்டு என்றதும் எங்களுக்கு இரண்டு பதில்தான் தெரியும். ஒன்று நட்சத்திரம், இல்லையென்றால் வீண்.

வித்தியாசம் உடம்பு. எனக்கு 45 வயதிலும் கீபோர்ட் தட்டலாம். அவர்களுக்கு முழங்கால், தோள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலை. லைன்மன் ஒவ்வொரு ஆட்டத்திலும் யாரோ ஒருவரோடு மோதுகிறார். திரும்பத் திரும்பத் தலையில் படும் அடியால் மூளைக்கு வரும் பாதிப்பைப் பற்றி அங்கே மட்டுமில்லை, இங்கே ரக்பி லீக்கிலும் இப்போது வெளிப்படையாகக் கதைக்கிறார்கள். எனக்குப் பயம் அதில்தான், காசில் இல்லை.

இதையெல்லாம் மகனோடு உட்கார்ந்து கதைத்தேன், டில்லார்டின் கதை உட்பட. கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப அவர் எத்தனை வருஷம் விளையாடினவர்?"

"2019-இல தொடங்கி 2024-இலும் ஒரு அணியில இருந்தார்."

"அது நல்லம்தானே, அப்பா?"

அம்மம்மா குசினியில் இருந்து, "நாலு ஊர் சுத்தினாலும் சாப்பாடு ஒழுங்காய் குடுப்பாங்களோ?" என்று கேட்டா. அவவுக்கு எப்பவும் அதுதான் முதல் கேள்வி.

நானும் மனைவியும் சிலதைப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். தலையில் அடிபட்டால் டொக்டர் எழுதித் தரும்வரை களம் இல்லை, அதில் பேரம் பேச முடியாது. வியாழக்கிழமை கணக்கு டியூஷன் செவ்வாய்க்கு மாறியிருக்கிறது, வியாழன் பயிற்சிக்கு. பயிற்சியாளரிடம் வேறு இடங்களிலும் ஆடிப் பழகச் சொல்லிக் கேட்கலாமா என்று அவனே கேட்டான். கேள் என்றேன்.