விதி மாறினால் கட்டணமும் மாறும்

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பராமரிப்பு மையம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு?" என்பதைத்தான். "பதிவு இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் குறைவு.

மலேசியாவில் நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கும் பராமரிப்பு மையங்கள், 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூகநலத் துறையில் பதிவு செய்ய வேண்டும். தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் ஒப்புதலும் வேண்டும். மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் முதியோருக்கான தனியார் மையங்களுக்கென்று 2018இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அது சுகாதார அமைச்சின் பொறுப்பு.

விதிகள் தேவைதான். தீப்பிடித்தால், படுத்த படுக்கையாக இருப்பவர் எழுந்து ஓட முடியாது. ஆனால், தரை வீட்டில் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ளும் சிறிய மையம் அவசர வழி அமைக்கவும் கூடுதல் ஆள் போடவும் செலவழித்தால், அது நம் மாதக் கட்டணத்தில்தான் வந்து நிற்கும். கட்டுப்படியாகாத மையம் மூடப்படும். அல்லது பதிவில்லாமல் நடக்கும். இரண்டிலும் நட்டம் முதியவருக்கே.

ஆகவே விதியை இறுக்கும் அரசு, சிறிய மையங்களுக்கு அவகாசமும் சீரமைப்புக்கு உதவியும் தர வேண்டும். நாமும் முன்பணம் கட்டுவதற்கு முன் பதிவுச் சான்றிதழையும் அது எதுவரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். பதிவுள்ள மையம் இருநூறு ரிங்கிட் கூடுதலாகக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். "இரவில் விழித்திருக்கும் பணியாளருக்கு" என்று பதில் வந்தால், அது வீண் செலவு அல்ல.