சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறதா? பதறாதீர்கள்!

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் இரவு தங்கியவர்கள் மறுநாள் காலை இதைப் பார்த்திருப்பார்கள். காரை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை. குழாய் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். 'இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதோ' என்று வயிற்றில் புளியைக் கரைக்கும்.

பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கவில்லை. பெட்ரோல் எரிந்ததால் உண்டான தண்ணீர்தான் அது.

நெருப்பிலிருந்து நீர்

பெட்ரோலில் இருப்பவை முக்கியமாகக் கார்பனும் ஹைட்ரஜனும். எரியும்போது இரண்டுமே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. கார்பன், கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. ஹைட்ரஜன், தண்ணீராக மாறுகிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் உண்டாகும். அதாவது 40 லிட்டர் பெட்ரோல் தீர்வதற்குள், இரண்டு பெரிய கேன் தண்ணீரை உங்கள் கார் வெளியே விட்டிருக்கும்!

அவ்வளவும் ஆவியாகப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவெல்லாம் பனியில் நின்ற சைலன்சர் குழாய் ஜில்லென்று இருக்கும்போதுதான் காட்சி மாறுகிறது. சோற்றுப் பானையின் மூடியில் ஆவி பட்டு முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்கிறதே, அதேபோல இங்கேயும் ஆவி குளிர்ந்து சொட்டுகிறது. சென்னையிலும் காலையில் சில சொட்டுகள் விழும். ஆனால் அங்கே குழாய் சீக்கிரம் சூடாகிவிடும். குளிர் ஊரில் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

கார் நன்றாகச் சூடான பிறகு சொட்டும் புகையும் நின்றுவிட வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிய பின்னும் அடர்த்தியான வெள்ளைப் புகை வந்து, அதில் இனிப்பான வாடையும் அடித்தால் கூலன்ட் கசிந்து எரிகிறது என்று சந்தேகிக்கலாம். கூலன்ட் அடிக்கடி குறைவதும், இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறுவதும் இதே கோளாறின் அடையாளங்கள். ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

புகை நீல நிறமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை.

பக்கத்துக் கடைக்கு மட்டும் போகும் கார்

தினமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் சைலன்சர் முழுதாகச் சூடாவதில்லை. தண்ணீர் உள்ளேயே தங்கி, குழாயை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். ஓட்டை விழுந்த பிறகுதான் சத்தம் கேட்டுத் தெரியவரும். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால், உள்ளே தேங்கிய ஈரம் ஆவியாகிப் போய்விடும்.

இன்னொன்று மிக முக்கியம். குளிருக்குப் பயந்து ஷெட் கதவை மூடிக்கொண்டு இன்ஜினைச் சூடாக்காதீர்கள். தண்ணீரோடு கார்பன் மோனாக்சைடும் அந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, உயிரையே பறித்துவிடும். காரை முதலில் வெளியே எடுங்கள். சொட்டுகிற தண்ணீர் தரையில் சொட்டட்டும்!